புதுச்சேரி, கடலூர் வீடுகளில் குரோட்டன்ஸ்: நிறம் மங்காமல், இலை கொட்டாமல் வளர்க்க

குரோட்டன்ஸ் வாங்கிய மூன்றாம் வாரமே பாதி இலை கொட்டிவிட்டது என்பதுதான் இந்தச் செடியைப் பற்றி அடிக்கடி கேட்கும் புலம்பல். நர்சரியில் செக்கச்செவேல் என்று நின்ற செடி கூடத்தில் வைத்த நாலு மாதத்தில் வெறும் பச்சையாகிவிட்டது என்பது அடுத்தது. உரம் போதவில்லை, தண்ணீர் போதவில்லை என்று நினைத்துப் பலர் இரண்டையும் கூட்டுகிறார்கள். செடி சாவது பெரும்பாலும் அதனால்தான். இரண்டு புலம்பலுக்கும் காரணம் ஒன்றே: இடம். இந்தச் செடிக்கு இடத்தைச் சரியாகப் பார்த்து வைக்க வேண்டும். வைத்த பிறகு நகர்த்தக் கூடாது. மற்ற வேலைகள் எல்லாம் அதற்கு அப்புறம்.

நாம் குரோட்டன்ஸ் என்று சொல்லும் செடியின் தாவரவியல் பெயர் கோடியேயம் வேரிகேட்டம். ஆமணக்கு, மரவள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தோனேசியா, மலேசியா, வடக்கு ஆஸ்திரேலியா, மேற்குப் பசிபிக் தீவுகள் இதன் சொந்த மண். தாவரவியலில் குரோட்டன் என்ற பேரினம் வேறு. சித்த மருத்துவத்தில் பேதி மருந்தாகச் சொல்லப்படும் நேர்வாளம்தான் அந்தப் பேரினத்துச் செடி. குளிர் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே போனால் குரோட்டன்ஸ் தாங்காது. நம் ஊரில் மார்கழி, தை இரவுகளில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும் என்பதால் அந்தக் கவலை இல்லை. கடற்கரை ஈரக்காற்றும் இதற்குப் பிடிக்கும். இங்கே இதைக் கெடுப்பவை மூன்று: வீட்டுக்குள் வெளிச்சக் குறைவு, போர் தண்ணீரின் உப்பு, ஐப்பசி கார்த்திகையில் வேரில் தேங்கும் நீர்.

வெளிச்சத்தை எப்படி அளப்பது

இலையின் சிவப்புக்கு ஆந்தோசயனின் என்ற நிறமியும், மஞ்சளுக்கு கரோட்டினாய்டு என்ற நிறமிகளும் காரணம். வெளிச்சம் குறைந்தால் கிடைப்பதை முழுக்கப் பிடித்துக்கொள்ள, செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்கிறது. மற்ற நிறங்கள் அதற்கடியில் மறைந்துபோகின்றன. பச்சையாகிவிட்ட செடிக்கு நோய் ஒன்றும் இல்லை. அது இருட்டுக்குத் தன்னைத் தகவமைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் பழைய இலை அவ்வளவாக மாறாது, புதுத் தளிரில்தான் நிறம் தெரியும். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

நம் கண் வெளிச்சத்தை அளக்க உதவாது. பேப்பர் படிக்க முடிகிற கூடம் குரோட்டன்ஸுக்கு இருட்டறை. ஒரு சோதனை செய்து பாருங்கள். காலை பத்து மணிக்குச் செடி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு அடி மேலே கையைப் பிடியுங்கள். விரல்களின் நிழல் ஓரம் தெளிவாக விழுந்தால் எந்த ரகமும் வைக்கலாம். விரல்கள் கலங்கலாகவாவது தனித்தனியே தெரிந்தால் கோல்ட் டஸ்ட் என்ற ரகம் மட்டும். வெறும் மங்கலான திட்டாக இருந்தால் குரோட்டன்ஸை விட்டுவிட்டு மணி பிளாண்டோ அக்லோனிமாவோ வைப்பது நல்லது.

திசை விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு கணக்கு உண்டு. புதுச்சேரியும் கடலூரும் கிட்டத்தட்ட 12 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கின்றன. ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த நாலு மாதமும் வடக்கு ஜன்னலில் காலையும் மாலையும் சாய்வாக வெயில் விழும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் விழாது. தெற்கு ஜன்னலுக்கு ஐப்பசி முதல் மாசி வரை நல்ல வெயில், கோடையில் சன்ஷேடு மறைத்துவிடும். கிழக்கு ஜன்னலில்தான் வருடம் முழுக்க ஒரே மாதிரி காலை வெயில் கிடைக்கும். நகர்த்தினால் இலை உதிர்க்கும் செடிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வீட்டுக்குள் இல்லை. ஜன்னலிலிருந்து இரண்டடி, அதிகம் போனால் மூன்றடிக்குள் வையுங்கள். மேற்கு ஜன்னல் என்றால் சித்திரை, வைகாசியில் மெல்லிய வெள்ளைத் திரை போட வேண்டும்.

பழைய புதுச்சேரி வீடுகளில் நடு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம் இந்தச் செடிக்கென்றே கட்டியது போல இருக்கும். மேலிருந்து வெளிச்சம் வரும், காற்றோட்டம் இருக்கும், உச்சி வெயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்காது. அடுக்குமாடி வீடு என்றால் கிழக்குப் பார்த்த பால்கனி. ஏசி காற்று நேரே அடிக்கும் இடம் வேண்டவே வேண்டாம். வறண்ட காற்று பட்டால் இலை ஓரம் சுருண்டு, அடி இலைகள் வரிசையாக உதிரும்.

எந்த ரகம்

பெட்ரா அகன்ற இலை, மஞ்சள் நரம்பு. வயதாக ஆக ஆரஞ்சும் சிவப்பும் ஏறும். இங்கே எளிதில் கிடைப்பது, தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்வது. மாமி என்ற ரகத்தில் இலை திருகித் திருகி வரும், அதன் சிவப்புக்குத் தினம் நாலு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். சான்சிபார் புல் போல மெல்லிய இலையுடன் வளைந்து தொங்கும், தொட்டிக்கு அழகு. கோல்ட் டஸ்ட் சிறிய பச்சை இலையில் மஞ்சள் புள்ளி தெளித்தது. வெளிச்சம் கொஞ்சம் குறைந்தாலும் சமாளிக்கும். வீட்டுக்குள் முதன்முதலாக வைப்பவர்கள் பெட்ரா அல்லது கோல்ட் டஸ்டில் தொடங்குங்கள். மாமியைக் கூடத்து மூலையில் வைத்துவிட்டு நிறம் இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை.

நர்சரியில் செடியின் உயரத்தைப் பார்க்காதீர்கள். அடிவரை இலை இருக்கிறதா என்று பாருங்கள். இலைக்கு அடியிலும் காம்பு சேரும் இடுக்கிலும் வெள்ளைப் பஞ்சு போல ஏதாவது இருந்தால் அந்த வரிசையிலிருந்தே வாங்க வேண்டாம்.

வாங்கி வந்த முதல் மாதம்

நர்சரிச் செடி பச்சை வலைக்குக் கீழே, ஈரமான காற்றில் வளர்ந்தது. வந்ததும் பத்து நாள் அதே மாதிரி நிழல் கலந்த வெளிச்சத்தில் வெளியே வையுங்கள். பிறகு அது நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்துக்கு ஒரே முறை மாற்றுங்கள். மாற்றிய இரண்டு மூன்று வாரத்தில் சில இலைகள் விழும். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். இலை விழுவதைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். இலை குறைந்த செடி குடிக்கும் தண்ணீரும் குறைவு. மண் ஈரமாகவே கிடக்கும், வேருக்குக் காற்று போகாது, அழுகல் தொடங்கும், மிச்ச இலையும் விழும். ஆகவே இலை கொட்டும் நாட்களில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். செடி செத்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் தண்டுப் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, தளிர் வரும்.

வந்த அன்றே தொட்டி மாற்ற வேண்டாம், இரண்டு வாரம் போகட்டும். பெரும்பாலான நர்சரிப் பைகளில் வேர் கெட்டியான செம்மண் கட்டிக்குள் இருக்கும். அதை அப்படியே பொலபொலப்பான கலவையில் வைத்தால், ஊற்றும் தண்ணீர் கட்டியைச் சுற்றி ஓடி வடிந்துவிடும். மேலே ஈரம் தெரியும், நடுவே வேர் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் மாற்றுவதற்கு முன் பையோடு ஒரு வாளித் தண்ணீரில் 20 நிமிடம் முக்கிவையுங்கள். பையைக் கிழித்து, வெளிப்புற மண்ணை ஒரு அங்குல அளவுக்கு விரலால் மெல்ல உதிர்த்துவிட்டு நடுங்கள்.

ஒன்று ஒன்றரை அடிச் செடிக்கு 8 அங்குலத் தொட்டி போதும். இரண்டடிக்கு மேல் என்றால் 10 அங்குலம். சின்னச் செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் வேர் எட்டாத மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து புளித்துவிடும். சுட்ட மண்தொட்டி நம் ஈரக்காற்றுக்கு ஏற்றது. மாடியில் வெயிலில் வைப்பதென்றால் அது சீக்கிரம் காயும், பிளாஸ்டிக் தொட்டி பரவாயில்லை. அடியில் ஒரே துளை இருந்தால் சூடான கம்பியால் இன்னும் மூன்று போடுங்கள்.

கலவை: செம்மண் ஒரு பங்கு, கழுவிய தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பருமனான மணல் அரைப் பங்கு. 10 அங்குலத் தொட்டிக்கு வேப்பம் புண்ணாக்கு 50 கிராம் சேருங்கள். ஆற்று மணல் கிடைக்காமல் எம்-சாண்ட் (பாறையை உடைத்துச் செய்யும் மணல்) போடுவதானால் சலித்துத் தூளை நீக்கிவிட வேண்டும். அந்தத் தூள் தொட்டியில் சிமெண்ட் போல இறுகும். நார்க்கழிவில் இயல்பாகவே உப்பு இருக்கும். கட்டியாக வாங்கியதை ஊறவைத்து, பிழிந்து, தண்ணீர் மாற்றி, தேநீர் நிறம் வெளுக்கும் வரை மூன்று முறையாவது அலசுங்கள். லாஸ்பேட்டை, கோரிமேடு, கேப்பர் மலைப் பக்கம் இருப்பவர்களுக்குச் செம்மண் வாசலிலேயே கிடைக்கும். பாகூர்ப் பக்கத்துக் களிமண்ணைத் தொட்டியில் போடாதீர்கள்.

தண்ணீரும் உப்பும்

விரலை மண்ணில் ஒரு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித் துளையில் வடியும்வரை ஊற்றுங்கள். 10 அங்குலத் தொட்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் ஆகும். வீட்டுக்குள் சாதாரணமாக மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை. அக்னி நட்சத்திரத்தில் மாடியில் இருக்கும் செடிக்குத் தினமும், சில நாள் காலை மாலை இரு வேளையும் தேவைப்படும். தினம் ஒரு டம்ளர் என்று கணக்கு வைப்பது தவறு. மேல்மண் மட்டும் நனையும், உப்பு வடியாமல் அங்கேயே சேரும்.

கடலோரத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பாகிவிட்டது. தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு, இலை நுனி பழுப்பாகிக் கருகுதல், அந்தக் கருகல் ஓரமாகப் பரவுதல் எல்லாம் உப்பின் அடையாளம். இலையில் கருகியது திரும்ப வராது. மண்ணில் சேர்ந்ததைக் கழுவலாம். மாதம் ஒருமுறை மழை நீர் அல்லது உப்பில்லாத குழாய் நீரை, தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மூன்று மடங்கு, நிதானமாக ஊற்றி வடியவிடுங்கள். 10 அங்குலத் தொட்டிக்கு இருபது லிட்டருக்குக் குறையாது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை, பிடித்து வைத்தால் இதற்கு அருமையாக உதவும். ஆர்.ஓ. கழிவு நீரை வீணாக்க மனம் வராமல் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நீக்கிய உப்பெல்லாம் திரண்டிருப்பது அந்தத் தண்ணீரில்தான். தரை துடைக்கப் பயன்படுத்துங்கள், குரோட்டன்ஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போலக் கடலை ஒட்டிய வீடுகளில் காற்றே உப்பைச் சுமந்து வரும். கிழக்கே சுவரோ உயரமான வேலியோ மறைக்கும் இடத்தில் வையுங்கள். காற்று பலமாக அடித்த மறுநாள் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். வீட்டுக்குள் இருக்கும் செடிக்கும் வாரம் ஒருமுறை ஈரத்துணியால் தூசி துடைத்தால் நிறமும் பளிச்சிடும், பூச்சியும் கண்ணில் படும்.

உரம் அதிகம் வேண்டாம். மாசி முதல் புரட்டாசி வரை 20 நாளுக்கு ஒருமுறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ளது) லிட்டருக்கு 2 கிராம் கரைத்து, ஈர மண்ணில் ஊற்றுங்கள். ரசாயனம் வேண்டாதவர்கள் மாதம் இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போட்டு, பஞ்சகவ்யம் லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். யூரியா போடாதீர்கள். தழைச்சத்து மிகுந்தால் இலை பெரிதாகும், நிறம் போகும். புதுத் தளிர் மஞ்சளாக வருவது பல ரகங்களுக்கு இயல்பு, அதைச் சத்துக் குறைவு என்று எண்ணி எதையாவது ஊற்ற வேண்டாம்.

தோட்டத்தில் நடுவது

தரையில் நடச் சரியான காலம் ஆடி, ஆவணி. கத்திரி முடிந்து, மாலை நேர இடிமழை அவ்வப்போது பெய்யும் நாட்கள் அவை. ஐப்பசி அடைமழை வருமுன் வேர் பிடித்துவிடும். தவறவிட்டால் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகையில் நடாதீர்கள்.

ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, பத்து நாள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு ஐந்து கிலோ மட்கிய தொழுவுரம், 200 கிராம் வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். தனிச் செடிக்கு மூன்றடி இடைவெளி, வேலியாக என்றால் இரண்டடி. மேடான செம்மண் பகுதியில் சமதரையிலேயே நடலாம். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரித் தண்ணீர் நிற்கும் பகுதிகளில் ஒரு அடி உயரத்துக்கு மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். குரோட்டன்ஸ் எவ்வளவு மழையில் நனைந்தாலும் தாங்கும். வேரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நின்றால் தாங்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளை மனதில் வைத்துத்தான் மேடு கட்ட வேண்டும். தொட்டிச் செடிகளுக்குப் புரட்டாசி கடைசியிலேயே அடித்தட்டை எடுத்துவிட்டு, இரண்டு செங்கல்மேல் தூக்கிவையுங்கள்.

புயல் செடியை நகர்த்தாமலேயே அதன் இடத்தை மாற்றிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்தின் பலா, முந்திரி மரங்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. மேலே இருந்த மரம் போனால், அதன் நிழலில் பழகிய குரோட்டன்ஸ் திடீரென்று முழு வெயிலில் நிற்கும். நாலே நாளில் இலையில் வெளுத்த திட்டுகள் விழும். அந்த வாரமே 50 சதவீதப் பச்சை வலை கட்டி, இரண்டு மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.

வெட்டுவதும் பதியம் போடுவதும்

அடி மொட்டையாகி நுனியில் மட்டும் கொத்தாக இலை நிற்கும் செடியை மாசியிலோ ஆடியிலோ துணிந்து வெட்டுங்கள். மூன்றில் ஒரு பங்கு வரை ஒரே தடவையில் எடுக்கலாம். கணுவுக்குக் கால் அங்குலம் மேலே வெட்டினால் கீழே இரண்டு மூன்று கிளை வரும். வடியும் பால் தோலில் அரிப்பு உண்டாக்கும், துணியில் பட்டால் கறை போகாது. கையுறை போடுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். இலையோ தண்டோ மென்றால் நஞ்சு. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் தரையில் வைக்க வேண்டாம்.

வெட்டிய துண்டுகளை வீணாக்க வேண்டியதில்லை. ஐந்து அங்குல நுனித்தண்டில் மேலே நாலு இலை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளி, பால் நிற்கும் வரை தண்ணீரில் வைத்து, வேர் ஊக்கிப் பொடி தொட்டு, பாதி மணல் பாதி நார்க்கழிவில் நடுங்கள். மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தால் ஐந்தாறு வாரத்தில் வேர் வரும். ஒற்றை இலையைத் தண்ணீரில் போட்டுக் குரோட்டன்ஸ் வளர்ப்பதாகக் காட்டும் வீடியோக்களை நம்பாதீர்கள். இலைக்காம்பில் வேர் வரும் என்பது உண்மை. ஆனால் மொட்டு இல்லாததால் தண்டு வராது; மாதக்கணக்கில் அது ஒற்றை இலையாகவே நிற்கும்.

நிச்சயமான வழி விண்பதியம், அதாவது தண்டைச் செடியிலிருந்து வெட்டாமலேயே வேர்விடச் செய்வது. ஆடி முதல் புரட்டாசி வரை ஏற்ற காலம். நுனியிலிருந்து ஒரு அடி கீழே, பென்சில் பருமனுள்ள தண்டில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை மோதிரம் போல நீக்குங்கள். உள்ளே வழவழப்பாக இருக்கும் பச்சைப் படலத்தைக் கத்தி முதுகால் முழுக்கச் சுரண்ட வேண்டும். மிச்சம் இருந்தால் பட்டை மறுபடி கூடிவிடும், வேர் வராது. ஊறவைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசியையோ நார்க்கழிவையோ ஒரு உருண்டை அளவு வைத்து, பாலித்தீன் தாளால் சுற்றி இரு முனையும் இறுகக் கட்டுங்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் தாள் வழியே வெள்ளை வேர் தெரியும். அது லேசாகப் பழுப்பேறத் தொடங்கியதும் கீழே வெட்டி நடுங்கள்.

பூச்சி

மாவுப்பூச்சிதான் முதல் எதிரி. எறும்பு வரிசை செடியில் ஏறினால் மாவுப்பூச்சி, செதில்பூச்சி எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். அவை சுரக்கும் இனிப்புக்காகத்தான் எறும்பு வருகிறது. கொஞ்சமாக இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். அதிகமானால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் வேப்பெண்ணெய் 5 மில்லி, திரவ சோப்பு 2 மில்லி கலந்து, மாலையில் இலைக்கு அடியிலும் நனையத் தெளியுங்கள். ஏழு நாள் இடைவெளியில் மூன்று முறை செய்தால்தான் முட்டையிலிருந்து வருவதும் சாகும். வெயில் நேரத்தில் எண்ணெய் தெளித்தால் இலை வெந்துவிடும்.

ஏசி அறையிலும் பங்குனி, சித்திரையிலும் இலை மங்கி, ஊசி குத்தியது போலப் புள்ளி விழுந்து, அடியில் மெல்லிய வலை தெரிந்தால் செம்பேன். தினமும் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீரால் கழுவினாலே பாதி குறையும். மீதிக்கு அதே வேப்பெண்ணெய்க் கரைசல். தோட்டச் செடியில் ஒரே இரவில் இலை ஓட்டை ஓட்டையாக, சில சமயம் நடு நரம்பு மட்டும் மிஞ்சினால் ஆமணக்கைத் தின்னும் காவடிப்புழு வந்திருக்கும். குரோட்டன்ஸும் அதற்கு ஒரே குடும்பச் சாப்பாடு. டார்ச்சோடு இரவு எட்டு மணிக்குப் போய்ப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுவது எந்த மருந்தையும்விட வேகமான வழி.

மண் ஈரமாக இருந்தும் செடி வாடி நின்றால் வேரழுகல். தொட்டியிலிருந்து எடுத்து முகர்ந்து பாருங்கள், சாக்கடை வாடை வரும். கறுத்துக் குழைந்த வேரையெல்லாம் வெட்டி, இலையில் பாதியைக் குறைத்து, டிரைக்கோடெர்மா விரிடி (வேரழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) 10 கிராம் கலந்த புதுக் கலவையில், பழையதைவிட ஒரு அளவு சின்னத் தொட்டியில் நட்டு நிழலில் வையுங்கள். தண்டின் அடியே குழைந்திருந்தால் செடியைக் காப்பாற்ற முடியாது. மேலே கெட்டியாக இருக்கும் நுனிகளை அன்றைக்கே வெட்டிப் பதியத்துக்கு வைத்துவிடுங்கள்; ஐந்தாறு வாரத்தில் அதே செடி மறுபடி கிடைக்கும்.